கம்யூனிட்டி காலேஜ் என்றதும் ஏன் முகம் சுருங்குகிறது?

பொண்ணு எங்கே படிக்கிறாள் என்று கேட்பவர்களிடம் "டி ஆன்ஸாவில்" என்று சொல்லிப் பாருங்கள். டி ஆன்ஸா என்பது கலிஃபோர்னியாவின் குபர்டினோவில் இருக்கும் கம்யூனிட்டி காலேஜ், அதாவது பட்டப்படிப்பின் முதல் இரண்டு ஆண்டுப் பாடங்களைக் குறைந்த கட்டணத்தில் நடத்தும் பொதுக் கல்லூரி. குபர்டினோ, ஃப்ரீமான்ட் பக்கத்துத் தமிழர்கள் என்றால் அடுத்த வரி தயாராக இருக்கும்: "பரவால்லங்க, ரெண்டு வருஷம் கழிச்சு யூசிக்கு மாத்திக்கலாம்ல." (யூசி என்றால் யூனிவர்சிட்டி ஆஃப் கலிஃபோர்னியா. பெர்க்லி, யூசிஎல்ஏ எல்லாம் அதன் வளாகங்கள்.) இங்கே என்ன எழவா விழுந்துவிட்டது, ஆறுதல் சொல்ல?

ஊரில் டிப்ளமா முடித்து லேட்டரல் என்ட்ரியில் பி.இ. இரண்டாம் ஆண்டு சேர்ந்தவன் நான். "லேட்டரல் பசங்க" என்று தனியாகப் பிரித்துப் பேசுவதைக் கேட்டு வளர்ந்ததால், இந்தத் தொனி எனக்கு நன்றாகவே பிடிபடும்.

கலிஃபோர்னியாவில் இது கொல்லைப்புற வழி அல்ல. 1960-ல் மாநிலம் உயர்கல்விக்கு மாஸ்டர் பிளான் போட்டபோதே, முதல் இரண்டு ஆண்டை இங்கே முடித்துவிட்டு மூன்றாம் ஆண்டில் பல்கலைக்கழகம் போகும் பாதையை அதில் வைத்துவிட்டார்கள். ஆப்பிள் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஸ்டீவ் வாஸ்னியாக் கூட டி ஆன்ஸாவில் படித்துவிட்டுத்தான் பெர்க்லி போனார். (அவரை இழுத்து வாதாடுவதில் எனக்கு அவ்வளவு இஷ்டமில்லை. அவர் எங்கே படித்திருந்தாலும் அவர்தான்.)

பணக் கணக்கு எளிது. மாநிலவாசிக்கு டி ஆன்ஸாவில் ஒரு குவார்ட்டர் யூனிட் (பருவப் பாடத்தின் அளவு) 31 டாலர். மாறுவதற்குத் தேவையான 90 யூனிட்டுக்கும் சேர்த்து 2,790. யூசியில் ஒரு வருடக் கட்டணமே 14 ஆயிரத்தைத் தாண்டும், தங்கும் செலவு தனி. பாடத்திலும் குறையில்லை. பெர்க்லியின் முதல் கம்ப்யூட்டர் சயின்ஸ் வகுப்பில் ஆயிரம் பேருக்கு மேல் உட்கார்ந்த பருவங்கள் உண்டு. இங்கே வகுப்பு சிறியது, ஆசிரியருக்குப் பாடம் நடத்துவதுதான் வேலை, சந்தேகம் கேட்டால் அவரே பதில் சொல்வார்.

அதே சமயம், "ஈஸி ரூட், கண்ணை மூடிக்கிட்டு சேர்த்துவிடுங்க" என்று வாட்ஸ்அப்பில் அடித்துவிடுகிறவர்கள் மேல்தான் எனக்கு அதிகக் கோபம். அவர்கள் எப்போதும் சொல்வது டேக் எனும் சேர்க்கை உத்தரவாதத்தை. அதைத் தருவது டேவிஸ், அர்வைன், மெர்சிட், ரிவர்சைடு, சான்டா பார்பரா, சான்டா க்ரூஸ் ஆகிய ஆறு யூசி வளாகங்கள்தான். பெர்க்லி, யூசிஎல்ஏ, சான் டியேகோ தருவதில்லை. தருகிற இடங்களிலும் எல்லாப் பாடப்பிரிவுக்கும் கிடையாது. முதலில் கழற்றிவிடப்படுவது பெரும்பாலும் கம்ப்யூட்டர் சயின்ஸ்தான். வேறு பிரிவில் நுழைந்து, பிறகு இதற்கு மாறிக்கொள்ளலாம் என்பதும் பல வளாகங்களில் நடக்காத கதை.

இன்னொரு சிக்கல் கணக்கு. கால்குலஸ் வரிசையை முடித்தால்தான் லீனியர் ஆல்ஜிப்ரா, டிஃபரன்ஷியல் ஈக்வேஷன்ஸ். கால்குலஸ் இல்லாமல் ஃபிஸிக்ஸும் நகராது. ப்ரீகால்குலஸில் தொடங்கும் பிள்ளைக்கு இரண்டு வருடம் மூன்று வருடமாக நீள்வது அங்கேதான். டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் வகுப்பு பதிவு தொடங்கியதும் நிரம்பிவிடும், அப்போது பக்கத்துக் கல்லூரியில் எடுக்க வேண்டியதுதான். ஒரு வளாகம் சி++ போதும் என்னும், இன்னொன்று ஜாவாவையோ பைத்தானையோ கேட்கும். எந்தக் கல்லூரியின் எந்த வகுப்பை எந்த வளாகம் ஏற்கும் என்பது அசிஸ்ட் தளத்தில் ஆண்டுவாரியாக இருக்கிறது. அதை முதல் குவார்ட்டரிலேயே பிள்ளை தானே உட்கார்ந்து படிக்க வேண்டும். கவுன்சலர் சொல்வதைக் கேட்கட்டும், கேட்டுவிட்டு அசிஸ்ட்டையும் பார்க்கட்டும்.

யாரும் வாய் திறக்காத விஷயம் இன்டர்ன்ஷிப். முதல் வருடமே பல்கலைக்கழகம் போன பிள்ளைக்கு கிளப், சீனியர், ஆராய்ச்சிக் கூடம் என்று பழக இரண்டு வருடம் கிடைத்திருக்கும். மாறி வரும் பிள்ளை மூன்றாம் ஆண்டில் இறங்கும்போது, அடுத்த கோடைக்கான ஆள் எடுப்பு ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும். விடுதி அறையில் பெட்டியைப் பிரிக்கும் முன்பே ரெஸ்யூமே கேட்பார்கள். அதில் போட ஏதாவது இருக்க வேண்டுமென்றால் அது கம்யூனிட்டி காலேஜ் நாட்களிலேயே செய்ததாகத்தான் இருக்க முடியும்: சொந்தமாக எழுதிய ஒரு செயலி, பாடம் சொல்லிக்கொடுத்த அனுபவம், ஒரு ஹேக்கத்தான். மிச்சமான பணத்தைப் பேசும் நாம் இந்த இழந்த காலத்தைப் பேசுவதில்லை. என் கணக்கில் இந்தப் பாதையின் உண்மையான விலை இதுதான். கொடுக்கலாம், தெரிந்து கொடுக்க வேண்டும்.

எங்கள் வீட்டில் இப்போது லீனியர் ஆல்ஜிப்ரா நடக்கிறது. நவம்பரில் விண்ணப்பம், கூடவே யூசியில் சேராத இன்னொரு அரசுப் பல்கலைக்கழகமான சான் ஹோசே ஸ்டேட்டுக்கும் போடுகிறாள். எந்த யூசி கிடைக்கும் என்று இப்போதே கேட்டு இன்பாக்ஸை நிரப்பாதீர்கள். உங்கள் பிள்ளைக்கு எந்த வகுப்பை எப்போது எடுப்பது என்று கேளுங்கள், தெரிந்தவரை சொல்கிறேன்.