பினாயேவாவுக்கு எத்தனையாவது இடம்?

லுத்மிலா பினாயேவா. இந்தப் பெயரை நானே போன வாரம்தான் கேள்விப்பட்டேன். லெனின்கிராடு (இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்) பக்கத்துப் பெண், கயாக் என்ற ஒடுங்கிய துடுப்புப் படகை ஓட்டுபவர், மூன்று ஒலிம்பிக் தங்கம். ஆனால் விளையாட்டு வீரர்களைப் புகழை வைத்து வரிசைப்படுத்தும் பட்டியல்களில் இவரைக் கண்டுபிடிக்க ரொம்பக் கீழே போக வேண்டும்.

அப்படிப் பட்டியல் போடும் ஒன்று, அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் தொடங்கிய பேந்தியன் திட்டம். அந்தத் திட்டம் புகழுக்கு மதிப்பெண் போடும் முறை இது: எத்தனை மொழி விக்கிப்பீடியாவில் கட்டுரை இருக்கிறது, எத்தனை பேர் படிக்கிறார்கள், ஆள் பிறந்து எத்தனை வருஷமாகிறது. துடுப்பு போட்ட வேகம் கணக்கிலேயே கிடையாது. அது தப்பில்லை, அளப்பது புகழைத்தானே. ஆனால் 'எத்தனையாவது இடம்' என்று ஓர் எண்ணைப் பார்த்ததும் அதைத் திறமைக்கான ரேங்க் கார்டாக எடுத்துக்கொள்கிறோம் பாருங்கள், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

பதக்கத்தை எண்ணிப் பார்க்கலாமே என்பீர்கள். சரி, எண்ணுவோம். 1972 மியூனிக்கில் நீச்சல் வீரர் மார்க் ஸ்பிட்ஸ் ஒருவரே 7 தங்கம் அள்ளினார். அதே மியூனிக்கில் தட்டைநீர்ப் பந்தயங்கள், அதாவது அமைதியான நீரில் கயாக், கனூ படகுகளில் நடப்பவை, ஆண், பெண் எல்லாம் சேர்த்தே மொத்தம் 7தான்! அதிலும் பெண்களுக்கு இரண்டே இரண்டு: ஒற்றையர் 500 மீட்டர், இரட்டையர் 500 மீட்டர். 1964, 68, 72 மூன்று ஒலிம்பிக்கிலும் இதே கதை. ஆக, இந்தப் பெண் வெல்லக்கூடிய தங்கமே மொத்தம் ஆறு. அதில் மூன்றை வென்றார், கூடவே ஒரு வெண்கலம். இதற்கு மேல் என்ன செய்ய வேண்டும்?

அந்த ஒற்றையர் பந்தயத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். இடுப்பு அகலத்துக்கு ஒரு படகு. காலை நீட்டி உட்கார்ந்து, இருபக்கத் தகடு வைத்த துடுப்பால் இடமும் வலமும் மாறி மாறி இழுக்க வேண்டும். கொஞ்சம் சாய்ந்தால் தண்ணீருக்குள். 1968-இல் மெக்சிகோவில் கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேலே, மூச்சு முட்டும் காற்றில் இதைச் செய்தார். இரண்டு நிமிஷம் பதினொரு விநாடி. அவ்வளவுதான், அடுத்த ஒலிம்பிக்குக்கு நான்கு வருஷம். டிவி கேமராவுக்குக் கரையிலிருந்து முகம்கூடச் சரியாகத் தெரியாது.

1972-இல் சோவியத் அணியிலிருந்து உலகமே கொண்டாடியது 17 வயது ஜிம்னாஸ்ட் ஓல்கா கோர்புட்டை. நியாயம்தான், அந்தச் சிரிப்பை யார் மறப்பார்கள்? அதே அணியில் 36 வயதுப் பினாயேவா, யெகாதெரினா குரிஷ்கோவோடு இரட்டையர் படகில் மூன்றாவது தங்கத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

அப்புறம் ஒன்று. 1964 டோக்கியோ முடிவுகளில் பினாயேவா என்று தேடினால் கிடைக்க மாட்டார். அப்போது அவர் பெயர் க்வெதோசியுக், பினாயேவா ஆனது கல்யாணத்துக்குப் பிறகு. நான் கால் மணி நேரம் தேடி முழித்தேன். நீங்கள் இரண்டு பெயரையும் போட்டுத் தேடுங்கள்.