சிலிக்கான் கார்பைடு ராடும் ஆக்சிஜனேற்றம் ஆகும்
"சிலிக்கான் கார்பைடு ராடு 1400 டிகிரியிலும் ஆக்சிஜனேற்றம் ஆகாது" என்று மின் உலையைச் சூடாக்கும் இந்த ராடுகளைப் பற்றிய கட்டுரையில் இருப்பது சரியில்லை. ஆகும், மேலே படியும் சிலிக்காப் படலம் அதை மெதுவாக்குகிறது, அவ்வளவுதான். நீராவி பட்டால் அந்த வேகம் கூடிவிடும். எண்ணூர், திருவொற்றியூர் பக்கம் பட்டறை வைத்திருப்பவர்கள் புதுசாகச் செங்கல் கட்டிய உலையை மூடியபடியே சூடேற்றாதீர்கள். ஈரம் போகும்வரை மேல் துளை திறந்தே இருக்கட்டும். எல்லோரும் கடற்காற்றைத் திட்டுகிறார்கள், ஆனால் உலையில் வைக்கும் சரக்கிலிருந்து கிளம்பும் சோடா, பொட்டாஷ் ஆவிதான் பெரிய எதிரி, படலத்தையே உருக்கிவிடும். தினமும் அணைத்து ஏற்றினால் 200-270 டிகிரி வாக்கில் கிரிஸ்டோபலைட் என்ற சிலிக்காப் படிகம் சுருங்கிப் படலத்தில் விரிசல் விழும். மேலே கருத்து எழுதிய ஒருவர் 'பழுதாகிப் போன ராடை மட்டும் மாற்றினால் போதும்' என்கிறார். ராடுகள் சீரிஸில், அதாவது ஒரே மின்னோட்டம் ஒன்றன்பின் ஒன்றாகப் பாயும்படி இணைந்து இருந்தால், மின்தடை ஏறிப்போன பழைய ராடுகள்தான் கூடுதலாகச் சூடாகி அடுத்தடுத்துப் போகும். தடை ஒத்துவரும் ராடாகப் பார்த்துப் போடுங்கள், கிடைக்காவிட்டால் செட்டாக மாற்றுங்கள்.