கை கழுவும் தினமும் ஒரு அட்மின் பையனும்

மூன்று நாளாக என் டைம்லைன் முழுக்க அந்த ஸ்க்ரீன்ஷாட்தான்: எங்கள் நகராட்சி போட்ட ஒரு வாழ்த்தும், அதன் கீழே ஒரு கமென்ட்டும். நேற்று எங்கள் குடும்ப வாட்ஸப் குரூப்பிலும் வந்துவிட்டது. இனிமேலும் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

ஒன்பது நாளாகக் குழாயில் காற்று. அக்டோபர் 15 காலை ஏழு மணிக்கு நகராட்சியின் முகநூல் பக்கத்தில் உலக கை கழுவும் தின வாழ்த்து, சோப்பு நுரையோடு. "எங்களைத்தான் எப்பவோ கைகழுவிட்டீங்களே" என்று முதல் கமென்ட் போட்ட மகராசனுக்கு ஒரு கும்பிடு. நானும் வாய்விட்டுச் சிரித்தேன். மறுநாள் அந்தப் பக்கத்தை நடத்திய பையனை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள் என்று தெரிந்ததும் சிரிப்பு நின்றுபோனது. உங்களுக்கு நிற்கவில்லை போல. "செம ஆக்‌ஷன்" என்று கைதட்டுகிறீர்கள். குழாயைத் திறந்து பாருங்கள். இன்னமும் காற்றுதான்.

அந்தப் பையன் கையில் இருந்தது பாஸ்வேர்டு. வால்வு சாவி இல்லை.

இந்த வேலையை நான் இரண்டு வருடம் பார்த்திருக்கிறேன், வேறொரு ஊரில். வெளிமுகமை ஆள். சம்பளம் ஏஜென்சியில் பிடித்தது போக வரும், அதுவும் வந்தால். மாதம் பிறந்ததும் மேலிருந்து ஒரு பட்டியல் வரும்: இந்தத் தேதி இந்தத் தினம், இந்தத் தேதி இன்னாருக்கு வாழ்த்து. படம் செய்து மொத்தமாக ஷெட்யூல் போட்டு வைத்துவிட வேண்டும். அது பாட்டுக்கு விழும். "தண்ணி வரலைன்னு தெரியும்ல, நிறுத்த வேண்டியதுதானே?" என்று கேட்பீர்கள். நிறுத்தவும் மேலே கேட்க வேண்டும் சார். சரி, ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம், ஒப்புக்கொள்கிறேன். அதற்கு ஒரு திட்டு போதாதா? வேலையைப் பறிக்க வேண்டுமா?

வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாதது இன்னும் உண்டு. நான் பார்த்த பக்கத்தை எப்போதோ இருந்த ஒரு அதிகாரி தன் சொந்த ஐடியில் தொடங்கியிருந்தார். அவர் மாறுதலாகிப் போய்விட்டார், பக்கத்தின் பிடி அவரோடு போய்விட்டது. லாகின் சிக்கினால் ஓடிபி அவர் போனுக்குப் போகும். அவர் வாக்கிங் முடித்து வரும்வரை, ஒரு நகரத்தின் அதிகாரப்பூர்வக் குரல் தெருமுனையில் காத்துக்கிடக்கும். போட்டோவில் ஒரு கவுன்சிலரின் தோள் வெட்டுப்பட்டதற்கு எனக்கு விளக்கக் கடிதம் எழுதச் சொன்னார்கள். தண்ணீர் வராததற்கு யாரிடமும் விளக்கம் கேட்டு நான் பார்த்ததில்லை.

அரசு அலுவலகம் சமூக ஊடகத்தை எப்படி நடத்த வேண்டும் என்று மத்திய அரசு 2012-லேயே வழிகாட்டி நெறிமுறை போட்டிருக்கிறது. யார் பதில் சொல்வது, எதற்குச் சொல்வது, பதிவுகளை எப்படிப் பாதுகாப்பது, எல்லாம் அதில் உண்டு. நான் அதைப் படித்தது வேலையை விட்ட பிறகு. வேலையில் இருந்தபோது எனக்குக் கிடைத்த நெறிமுறை ஒன்றே ஒன்று: "தலைவர் போட்டோ முதல்ல வரணும்பா."

"அப்போ கமென்ட்டை மட்டும் ஏன் அழிக்கிறீங்க?" இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். அழிப்பது தப்புதான். அமெரிக்காவில் போர்ட் ஹ்யூரன் என்ற ஊரின் நகர நிர்வாகி, தன் முகநூல் பக்கத்தில் கமென்ட்டை அழித்து ஆளையும் பிளாக் செய்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2024 மார்ச்சில் தீர்ப்பு. அரசின் பெயரால் பேச அவருக்கு உண்மையிலேயே அதிகாரம் இருந்ததா, அந்த அதிகாரத்தில்தான் பேசினாரா என்று முதலில் பார்க்கச் சொன்னார்கள். நம் பையனிடம் அந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். அழுதுவிடுவான். அதிகாரமா? அவனுக்கு உட்கார நாற்காலியே கிடையாது, தபால் பிரிவு அக்கா லீவு போட்டால்தான்.

கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் மெயின் குழாய் எங்கோ தொலைவில் உடைந்தால், குடிநீர் வடிகால் வாரியம் சரிசெய்கிறவரை ஆணையரே வானத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருக்க வேண்டும். இதில் பாஸ்வேர்டு வைத்திருப்பவன் என்ன செய்வான்? "உடைப்பு, சரிசெய்ய நாலு நாள் ஆகும்" என்று ஒரு வரி போடலாம். அந்த வரியைத்தான் போடவிட மாட்டார்கள். "நாலு நாள்னு எழுதாத, விரைவில்னு போடு." விரைவில் என்ற சொல்லை நான் எத்தனை முறை தட்டியிருப்பேன் என்று என் கட்டைவிரலைக் கேளுங்கள்.

"நீயும் அந்தக் கூட்டம்தானே, முட்டுக்கொடுக்காம இருப்பியா?" என்று ஒருவர் நேற்று இன்பாக்ஸில் வந்தார். ஆமாம், அந்தக் கூட்டம்தான். என் கதையையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு மழை ராத்திரி, மணி ஒன்றே முக்கால். பக்கத்தின் இன்பாக்ஸில் ஒரு பையன். "அண்ணா வீட்டுக்குள்ள தண்ணி வந்துருச்சு, ஆத்தாவால நடக்க முடியாது." அண்ணா என்றுதான் எழுதியிருந்தான், சார் என்றல்ல. அலுவலகக் குரூப்பில் போட்டேன். இரண்டு பேர் பார்த்தார்கள், ஒருவர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். உதவிப் பொறியாளருக்கு ஒன்பது முறை அடித்தேன். எடுக்கவில்லை. அவரும் எங்கே இடுப்பளவுத் தண்ணீரில் நின்றாரோ, அவரையும் குறை சொல்ல மனம் வரவில்லை. தீயணைப்புக்குச் சொல்லிவிட்டு, பையனையும் 101-க்கு அடிக்கச் சொன்னேன். அதன்பிறகு அவனிடமிருந்து பதில் இல்லை.

காலை ஆறு மணிக்கு ஷெட்யூல் போட்டிருந்த ஒரு வாழ்த்து தானாக விழுந்தது. அதன் கீழே அவன் கமென்ட். "ஆத்தாவ நாங்களே தூக்கிட்டு மாடிக்குப் போயிட்டோம். நீ நல்லா தூங்கு அட்மின்."

அழிக்கச் சொல்லி எனக்கு யாரும் உத்தரவு போடவில்லை. நானேதான் அழித்தேன். மறுபடி படிக்கத் தெம்பில்லை.

தம்பி, அன்னிக்கு நான் தூங்கல.