இரண்டாவது ஆளுக்கு என்ன வேலை?

பண்பலையில் பாட்டு நிகழ்ச்சிக்கு இரண்டு தொகுப்பாளர்கள் எதற்கு என்று நண்பர்களுக்குள் ஒரே வாக்குவாதம். ஒருவரே பேசினால் தூக்கம் வருகிறது என்பது ஒரு கட்சி. இருவர் சேர்ந்தால் பாட்டுக்கே இடமில்லை என்பது எதிர்க்கட்சி. எனக்கு ஜோடியில் குறையில்லை, ஜோடி சேர்க்கிற விதத்தில்தான் குறை.

காலை நிகழ்ச்சிகளைக் கேளுங்கள். பெரும்பாலும் ஒரே அச்சு. ஆண் நகைச்சுவை சொல்வார், பெண் சிரிப்பார். அந்தப் பெண்ணுக்குப் பாட்டைப் பற்றிச் சொல்ல எதுவுமே இருக்காதா? சிரிப்பதற்கா சம்பளம்?

அண்மையில் ஒரு நேயர் தொலைபேசியில் வந்து, அம்மாவுக்குப் பிடித்த ஜானகி பாட்டு ஒன்றைக் கேட்டார். "அம்மா இன்றைக்கு என்ன சமையல்?" என்றார் ஒருவர். "எங்களுக்கும் பங்கு உண்டா?" என்றார் மற்றவர். இருவரும் மாறி மாறிச் சிரித்து முடித்ததும் ஒலித்தது, வெளிவரப்போகும் ஒரு படத்தின் பாட்டு. ஜானகியை இருவருமே மறந்துவிட்டார்கள்.

நிலையங்களின் சங்கடமும் புரிகிறது. தனியார் பண்பலைகள் சொந்தமாகச் செய்தி தயாரித்து ஒலிபரப்ப நம் நாட்டில் அனுமதி இல்லை. பாட்டுகளும் எல்லா அலைவரிசையிலும் ஏறக்குறைய ஒன்றுதான். தனித்துத் தெரிய வேண்டுமென்றால் பேச்சைத் தவிர வேறென்ன இருக்கிறது?

உடனே "இலங்கை வானொலி மாதிரி வருமா" என்று கிளம்பிவிடுவார்கள். மயில்வாகனம், கே.எஸ்.ராஜா, ராஜேஸ்வரி சண்முகம் குரல்களுக்கு நானும் அடிமைதான். அதற்காக அவர்களைக் காட்டி இன்றைய பிள்ளைகளைக் குட்டுவது நியாயமில்லை. அப்துல் ஹமீதின் 'பாட்டுக்குப் பாட்டு' நிகழ்ச்சியே இருகுரல் நிகழ்ச்சிதானே? அவர் எழுத்தைக் கொடுப்பார், எதிரே நிற்பவர் திணறித் தேடிப் பல்லவியைப் பிடிப்பார். அங்கே இரண்டாவது குரலுக்கு ஒரு வேலை இருந்தது.

பிபிசியில் மார்க் ராட்கிளிஃப், ஸ்டூவர்ட் மக்கோனி என்று ஒரு ஜோடி. 2007இல் ரேடியோ 2இல் சேர்ந்து, 2011இல் 6 மியூசிக் நிலையத்துக்கு மாறினார்கள். இருவருமே இசைப் பைத்தியங்கள். ஒரு பாட்டு முடிந்ததும், அதோடு ஏதாவது ஒரு வகையில் தொடர்புள்ள அடுத்த பாட்டை நேயர்கள் சொல்ல வேண்டும் என்று சங்கிலியாக ஒரு பகுதி நடத்தினார்கள். எவ்வளவு வம்பளந்தாலும் பேச்சு பாட்டுக்குத் திரும்பியாக வேண்டும். 2019இல் அவர்களைப் பிற்பகலிலிருந்து வார இறுதிக் காலைக்கு மாற்றியபோது நேயர்கள் கொதித்துப்போனார்கள். நம் ஊரில் ஒரு ஜோடியை மாற்றினால் யாராவது கவனிப்பார்களா?

எம்.எஸ்.வி. பக்தர் ஒருவரையும் ரகுமான் பக்தர் ஒருவரையும் உட்கார வையுங்கள். மெட்டா, ஒலியமைப்பா என்று நிஜமாகவே சண்டை போடட்டும், பஸ்ஸை விட்டாலும் பரவாயில்லை என்று கேட்பேன். ஒரே ஒரு நிபந்தனை. இளையராஜா பாட்டின் முகப்பில் வயலின்கள் எழும்பும்போது இருவரும் வாயை மூடிக்கொள்ள வேண்டும். கடைசி வார்த்தை யாருடையது என்ற போட்டியைப் பல்லவிவரை இழுத்துக்கொண்டு போனால், நான் அலைவரிசையை மாற்றிவிடுவேன்.