தெரியலன்னா தெரியலன்னாச்சும் சொல்லுங்க

ஐசியூ (தீவிர சிகிச்சைப் பிரிவு) வாசல்ல ஒரு அக்கா டூட்டி டாக்டர்கிட்ட கத்துற வீடியோவை எல்லாரும் பாத்திருப்பீங்க, நான் திரும்ப ஷேர் பண்ணல. அவங்க கத்துனது சரியா தப்பாங்கிற பஞ்சாயத்துக்கும் வரல. எனக்கு வயிறு எரிஞ்சது கீழ வந்த கமெண்ட்டைப் பாத்துதான். "ராமேஸ்வரம் பக்கத்து ஆளுங்க வந்தா ஐசியூவும் மீன் மார்க்கெட்தான்"னு ஒருத்தர் எழுதுறார். அதுக்கு வரிசையா சிரிப்பு எமோஜி. சிரிச்சவங்கள்ல என் நட்புப் பட்டியல்ல இருக்கிறவங்களும் உண்டு. நல்லா இருங்க.

அந்த அக்கா காப்பாத்திக் குடுங்கன்னுகூடக் கேக்கல. உள்ள என்ன நடக்குதுன்னு யாராச்சும் சொல்லுங்கன்னுதான் கேட்டாங்க.

எங்க சித்தப்பா மதுரையில ஒரு ஆஸ்பத்திரியில வெண்டிலேட்டர்ல (செயற்கை மூச்சு மெஷின்ல) கிடந்தப்ப நாங்களும் அப்படித்தான் நின்னோம். ராமேஸ்வரம் பக்கத்துல இருக்கிற எங்க ஊர் தங்கச்சிமடத்துல இருந்து அது 150 கிலோமீட்டருக்கு மேல. (ராமநாதபுரத்துலயே 2022ல மெடிக்கல் காலேஜ் வந்துருச்சே, ஏன் மதுரைன்னு கேக்காதீங்க. அதுக்குத் தனிப் பதிவு போடணும்.) "24 மணி நேரம் கழிச்சுத்தான் எதுவும் சொல்ல முடியும்"னாங்க. கழிச்சுப் போய்க் கேட்டா வேற டாக்டர், புதுசா இன்னொரு 24 மணி நேரம். காலையில ஒருத்தர் "தேறிட்டு வர்றாரு"ன்னார். சாயங்காலம் இன்னொருத்தர் "சீரியஸாத்தான் இருக்காரு"ன்னார். ரெண்டுமே உண்மையா இருக்கலாம்னு இப்பப் புரியுது. கிட்னி தேறியிருக்கும், நுரையீரல் தேறியிருக்காது. இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?

ஐசியூவுல நாளைக்கு என்ன ஆகும்னு டாக்டருக்கே தெரியாது. மயக்க மருந்தை நிறுத்துனா எப்பக் கண்ணு முழிப்பாங்கன்னு அடிச்சுச் சொல்ல முடியாது. ஒத்துக்கிறேன். தெரியலன்னா தெரியலன்னு சொல்லுங்க. எதைப் பாத்து முடிவு பண்ணுவீங்க, அடுத்து எப்பப் பேசுவீங்கன்னு சொல்லுங்க. எங்க ஊர்ப் படகை இலங்கை நேவி பிடிச்சிட்டுப் போனாக்கூட, எந்தக் கோர்ட்டு, எந்தத் தேதி வரைக்கும் காவல்னு மீனவர் சங்கத்துக்காரங்க வீடு தேடி வந்து சொல்லிருவாங்க. ஒரு கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் கிடந்த மனுசனைப் பத்தி அந்தச் சேதிகூட எங்களுக்கு வரல.

அது மீன்பிடித் தடைக்காலம் வேற. ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் விசைப்படகு கடலுக்குப் போகாது, கையில காசு இருக்காது. இன்னும் நாலு நாளா நாப்பது நாளான்னு ஒரு குத்துமதிப்பு தெரிஞ்சாத்தானே நகையை அடகு வைக்கிறதா, படகையே விக்கிறதான்னு முடிவு பண்ண முடியும்?

உடனே வருவாங்க, "டாக்டர்களுக்கு எவ்வளவு வேலைப்பளு தெரியுமா?" தெரியும். "டாக்டரை அடிக்கிறாங்களே?" அடிக்கிறவனை உள்ள போட 2008லயே இங்க சட்டம் வந்துருச்சு, போடுங்க. "உள்ள விட்டா தொற்று வரும்." சரி, கூட்டமா உள்ள விடாதீங்க, வெளிய வந்து பேசுங்க.

ஆனா "படிக்காதவங்களுக்கு எப்படிப் புரிய வைக்கிறது"ன்னு கேக்குறீங்க பாருங்க, அங்கதான் எனக்குப் பத்திக்கிட்டு வருது. எங்க சித்தி எட்டாவது வரைக்கும்தான் படிச்சாங்க. படகுக் கடன் வட்டியை மனசுலயே கூட்டுவாங்க. "கழுத்துல ஓட்டை போட்டு ட்யூப் வைக்கணும், கையெழுத்துப் போடுங்கம்மா"ன்னு இங்கிலீஷ் பேப்பரை நீட்டுனப்ப மட்டும் அவங்க படிச்சவங்க ஆயிட்டாங்களா? பணம் கட்டுற கவுண்டர்ல யாருமே அவங்க படிப்பைக் கேக்கலையே!

தேசிய மனித உரிமை ஆணையம் தயாரிச்ச நோயாளிகள் உரிமைச் சாசனத்தை 2019லயே மத்திய சுகாதாரத் துறை மாநிலங்களுக்கு அனுப்புச்சு. புரியுற மொழியில விளக்கணும்னு அதுலயே இருக்கு. பிரான்சுல 22 ஐசியூக்கள்ல ஒரு ஆய்வு பண்ணி 2007ல வெளியிட்டாங்க. பிழைக்க மாட்டாங்கன்னு தெரிஞ்ச நோயாளிகளோட குடும்பங்களை ரெண்டு பிரிவாப் பிரிச்சாங்க. வழக்கமான முறையில குடும்பத்துக்காரங்க பேசுன நேரம் 5 நிமிஷம். இன்னொரு பிரிவுல டாக்டர்கள் உக்காந்து கேட்டாங்க, 14 நிமிஷம். மூணு மாசம் கழிச்சுப் பாத்தா, மனசு உடைஞ்சு பதட்டத்துல கிடந்தவங்க அந்த ரெண்டாவது பிரிவுல கம்மி. அந்த 14 நிமிஷத்துலயும் ஆளைக் காப்பாத்தல. காது குடுத்தாங்க, துக்கத்தைப் பத்தி ஒரு சின்னக் கையேடு குடுத்தாங்க, அவ்வளவுதான்.

ஐசியூ உள்ள கிடந்த எங்க சித்தப்பா கதையையும் கேளுங்க. ட்யூபைப் பிடுங்கிருவார்னு ரெண்டு கையையும் கட்டிலோட கட்டியிருந்தாங்க. தொண்டையில குழாய், அதனால வாய் பேச முடியல. ராத்திரி பகல் தெரியாத லைட்டு. சித்தப்பா தன்னை இலங்கை ஜெயில்ல போட்டுட்டாங்கன்னே நினைச்சிருக்கார். நர்சுங்க எல்லாம் நேவிக்காரங்களாத் தெரிஞ்சிருக்காங்க. வெண்டிலேட்டர்ல இருக்கிறவங்களுக்கு இப்படிப் புத்தி தடுமாறுறது ரொம்ப சகஜமாம். "அண்ணே, இது மதுரை, ஆஸ்பத்திரி, இன்னைக்குப் புதன்கிழமை"ன்னு தினமும் பக்கத்துல நின்னு சொல்லணுமாம். வாசல்ல சும்மா உக்காந்திருந்த எங்களை விட்டிருந்தா நாங்க சொல்லியிருக்க மாட்டோமா?

ஆள் பிழைச்சு வந்துட்டார். ஆனா இன்னமும் ராத்திரியில எந்திரிச்சு கையை உதறிக்கிட்டுக் கத்துறார். வீட்டுக்கு அனுப்புறப்பக் குடுத்த டிஸ்சார்ஜ் சம்மரியில மாத்திரை பேரெல்லாம் தெளிவா இருக்கு, இது பத்தி ஒரு வரி இல்ல. இதுவும் படிக்காத ஜனங்களுக்குப் புரியாதுன்னு விட்டுட்டாங்க போல.