பழைய முகவரிக்குப் போன கவுன்சில் டாக்ஸ் பில்

இங்கிலாந்தில் உள்ளாட்சி மன்றம் (கவுன்சில்) வீட்டுக்கு வாங்கும் வரியான கவுன்சில் டாக்ஸ் விஷயத்தில் எனக்குப் பல வருடமாக ஒரு கோபம் உண்டு. வரி வாங்குவதைச் சொல்லவில்லை. குப்பை அள்ளுவது, நூலகம், முதியோர் பராமரிப்பு என்று அந்தப் பணம் போகிற இடங்கள் எல்லாம் நமக்கு வேண்டியவைதான். நியாயமாக நாம் தர வேண்டியதைத் தரத்தான் வேண்டும். கோபம் வேறு இடத்தில். நீங்கள் காலி செய்துவிட்டுப் போன வீட்டுக்கு பில் போகும், அப்புறம் நினைவூட்டல் போகும், கோர்ட் சம்மனும் போகும். ஒன்றுகூட உங்கள் கைக்கு வராது. ஆனால் கடைசியாகத் தெரிந்த முகவரிக்குத் தபாலில் போட்டாயிற்று என்றால் போதும், சட்டத்தைப் பொறுத்தவரை உங்களுக்குத் தகவல் சொல்லியாகிவிட்டது. நீங்கள் இல்லாமலே வழக்கு முடிந்து, உத்தரவாகி, கோர்ட் செலவுத் தொகையும் ஏறி, ஒரு நாள் புது வீட்டுக் கதவிடுக்கில் பெயிலிஃப் (கடனை வசூலிக்க வருபவர், நம் ஊர் அமீனா மாதிரி) கடிதம் வந்து விழும்.

என் அக்கா மகனுக்கு இதுதான் நடந்தது. மிட்லாண்ட்ஸில் ஒரு ஊரில் எம்.எஸ்ஸி. படித்தான். நான்கைந்து பையன்கள் சேர்ந்து ஒரு வீடு, எல்லோரும் முழுநேர மாணவர்கள். அப்படிப்பட்ட வீட்டுக்குக் கவுன்சில் டாக்ஸ் கிடையாது. செப்டம்பர் கடைசியில் கோர்ஸ் முடிந்தது. வாடகை ஒப்பந்தம் அக்டோபர் நடுவில் முடிய, சாவியைக் கொடுத்துவிட்டு வேலைக்காக லண்டன் பக்கம் வந்துவிட்டான். மற்றவர்களில் சிலர் ஊருக்கே திரும்பிவிட்டார்கள். ஒன்றரை வருடம் ஓடிப்போனது. ஒரு நாள் வேலை இடைவேளையில் எனக்கு போன். "சித்தி, பெயிலிஃப்னு போட்டு லெட்டர் வந்திருக்கு. ஆயிரத்து இருநூறு பவுண்டுக்கு மேல. கார்டுல இருக்கு, இப்பவே கட்டிடவா?"

கட்டாதே, முதலில் அந்தக் கடிதத்தின் எல்லாப் பக்கத்தையும் போட்டோ எடுத்து அனுப்பு என்றேன்.

பையன் பதறியதில் ஆச்சரியம் இல்லை. நம் ஊரில் வாசலில் அமீனா வந்து நின்றால் தெருவே வேடிக்கை பார்க்கும். ஜப்தி என்ற சொல்லுக்கு இருக்கிற அவமானம் நாம் எந்த நாட்டுக்குப் போனாலும் கூடவே வரும். அதனால்தான் நம்மவர்கள் கடன் தன்னுடையதா என்று பார்ப்பதற்கு முன்பே பணத்தைக் கட்டிவிடுகிறார்கள். கடிதமும் அதற்கேற்ற மாதிரிதான் இருக்கிறது. மேலே பெரிய எழுத்தில் எச்சரிக்கை, நடுவில் தடித்த எழுத்தில் மொத்தத் தொகை, ஏழு நாள் கெடு, உடனே கட்டுவதற்கான போன் எண். எந்த வீட்டுக்கு, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்கிற விவரம் கீழே, ஒரே வரியில், பொடி எழுத்தில். நாம் பார்க்க வேண்டியது அந்த ஒரு வரியைத்தான். அதில் அக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை என்று இருந்தது.

அதைப் பார்த்ததுமே என்ன நடந்திருக்கும் என்று புரிந்தது. கோர்ஸ் முடியும் தேதியோடு மாணவர் விலக்கும் முடிந்துவிடும். விசா எவ்வளவு நாள் இருந்தாலும் சரி, பட்டமளிப்பு விழா எப்போது நடந்தாலும் சரி, கணக்கு கோர்ஸ் தேதியோடு நிற்கும். அதற்கு மறுநாளிலிருந்து அந்த வீட்டில் இருப்பவர்கள் வரி கட்ட வேண்டும். பையன்கள் போன பிறகு வசந்தகாலம் வரை வீட்டுக்காரருக்கு ஆள் கிடைக்கவில்லை போலிருக்கிறது. பையன்கள் போய்விட்டார்கள் என்று அவரும் கவுன்சிலுக்குச் சொல்லவில்லை. ஆகவே கவுன்சில் கணக்குப்படி என் அக்கா மகன் அந்தக் காலி வீட்டில் மார்ச் வரை குடியிருந்திருக்கிறான்.

கூட இருந்தவர்கள் எல்லாம் போய்விட்டார்கள், இவன் ஒருவன் தலையில் ஏன் முழுத் தொகையும் என்று அக்கா கேட்டார். கூட்டு ஒப்பந்தத்தில் ஒன்றாக இருந்தவர்கள் கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பு என்பது இங்கே சட்டம். யார் கையில் கிடைக்கிறாரோ அவரிடமே முழுப் பணத்தையும் கேட்கலாம். மற்றவர்களிடம் பங்கு வாங்கிக்கொள்வது அவர் பாடு. சென்னைக்கும் கோயம்புத்தூருக்கும் போய்விட்டவர்களை எந்தப் பெயிலிஃபும் தேடிப் போகப் போவதில்லை. மாட்டுவது இங்கேயே இருப்பவர்தான்.

பெயிலிஃப் கம்பெனிக்கு போன் செய்தால் அங்கே ஒரே பாட்டுதான்: இன்று எவ்வளவு கட்ட முடியும்? தேதி தவறு என்றால், அதைக் கவுன்சிலிடம் பேசுங்கள் என்றார்கள். கவுன்சிலில் நெடுநேரம் காத்திருந்து ஆள் கிடைத்தால், கணக்கு எங்கள் கையில் இல்லை, பெயிலிஃபிடம் பேசுங்கள் என்றார்கள். இந்த இடத்தில்தான் பலரும் சோர்ந்துபோய்ப் பணத்தைக் கட்டிவிடுகிறார்கள். கடன் கவுன்சிலுடையது. பெயிலிஃபிடமிருந்து கணக்கைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் அதிகாரமும் கவுன்சிலுக்கு உண்டு. ஆகவே போனில் மல்லுக்கட்டுவதை விட்டுவிட்டு எழுத்தில் கேட்டோம்: அந்தத் தேதிகளுக்கு இவன் எப்படிப் பொறுப்பாகிறான், பில் எப்போது எந்த முகவரிக்குப் போனது, உத்தரவு எந்த நாளில் வாங்கினீர்கள், இதைப் பரிசீலித்து முடிக்கும்வரை பெயிலிஃபை நிறுத்தி வையுங்கள். முழுநேர மாணவர் என்று பல்கலைக்கழகம் தரும் கவுன்சில் டாக்ஸ் சான்றிதழ், வாடகை ஒப்பந்தம், முன்பணம் திரும்பி வந்த மின்னஞ்சல், புது வீட்டு ஒப்பந்தம் என்று நான்கையும் இணைத்தோம்.

சில வாரம் கழித்துப் பதில் வந்தது. அக்டோபர் முதல் பாதிக்கு மட்டும் வரி என்று திருத்தியிருந்தார்கள். கோர்ட் செலவையும் பெயிலிஃப் கட்டணத்தையும் நீக்கியிருந்தார்கள். நூறு பவுண்டுக்கும் குறைவு. அதை அன்றே கட்டினான். முதல் நாளே அந்த பில் அவன் கைக்கு வந்திருந்தால் அன்றைக்கே கட்டியிருப்பான்.

சரி, பையனுக்கு நியாயம் கிடைத்தது. ஆனால் என் கேள்வி அப்படியே இருக்கிறது. அவனுடைய புது முகவரி ரகசியம் ஒன்றும் இல்லை. இந்தியா, இலங்கைக் குடிமக்கள் காமன்வெல்த் குடிமக்கள் என்பதால் இங்கே வாக்காளர் பட்டியலில் சேரலாம். லண்டன் வந்ததுமே அவன் சேர்ந்திருந்தான். புது வீட்டுக்கு அவன் பெயரிலேயே கவுன்சில் டாக்ஸும் தவறாமல் கட்டிக்கொண்டிருந்தான். வங்கிக் கணக்கு, மொபைல் ஒப்பந்தம் எல்லாம் அந்த முகவரியில்தான். பெயிலிஃப் கம்பெனி கையில் கணக்கு போனதும் அவனைக் கண்டுபிடித்துவிட்டார்கள். பணம் பிடுங்குவதற்குக் கண்டுபிடிக்க முடிந்த ஆளை, "உங்களுக்கு ஒரு பில் இருக்கிறது" என்று சொல்வதற்கு ஏன் தேடவில்லை? கோர்ட்டுக்குப் போகும் முன்பே அந்தத் தேடலைச் செய்ய வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்த வேண்டும். கடிதம் திரும்பி வந்தால், அல்லது வீடு காலி என்று தெரிந்தால், அந்த முகவரிக்கு அனுப்பும் சம்மன் செல்லாது என்று ஆக வேண்டும். நான் கேட்பது இவ்வளவுதான்.

கோர்ட்டில் எல்லாம் சரிபார்ப்பார்கள் என்று நினைக்காதீர்கள். மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் இந்த வழக்குகள் மொத்தமாகத்தான் வரும். ஒரே அமர்வில் நூற்றுக்கணக்கான பெயர்கள். வராதவர்களுக்கு எல்லாம் சேர்த்து ஒரே மூச்சில் லயபிலிட்டி ஆர்டர், அதாவது இந்தக் கடனுக்கு இவர் பொறுப்பு என்கிற உத்தரவு. அதற்குப் பிறகு கவுன்சில் சம்பளத்தில் பிடிக்கலாம், பெயிலிஃபை அனுப்பலாம். பில் தொகை கட்ட வேண்டிய நாளிலிருந்து ஆறு வருடத்துக்குள் இந்த உத்தரவைக் கேட்க வேண்டும் என்பது விதி. உத்தரவு வாங்கிவிட்டால் பெயிலிஃபை அனுப்புவதற்கோ சம்பளத்தில் பிடிப்பதற்கோ காலக்கெடு இல்லை. ஆகவே எப்போதோ விட்டுவந்த வீட்டின் கடன் எத்தனை வருடம் கழித்தும் கதவைத் தட்டும்.

கோர்ட் செலவுத் தொகையைப் பற்றி ஒருவரை நினைவுகூர வேண்டும். வடக்கு லண்டனில் டோட்டன்ஹாமில் இருந்த ஓய்வுபெற்ற பாதிரியார் பால் நிக்கல்சன். ஏழைகள் தலையில் இந்த வரியை ஏற்றுவதை எதிர்த்து, வேண்டுமென்றே கட்டாமல் இருந்து கோர்ட்டுக்குப் போனார். அவர் மேல் 125 பவுண்டு செலவு போட்டார்கள். இந்த 125 எப்படி வந்தது, கணக்கைக் காட்டுங்கள் என்று கேட்டார். விடாமல் உயர் நீதிமன்றம் வரை போனார். 2015-ல் தீர்ப்பு அவர் பக்கம்: அந்தத் தொகைக்கு என்ன அடிப்படை என்று விசாரிக்காமல் மாஜிஸ்திரேட் அதை ஏற்றிருக்கக் கூடாது. ஒரு மனிதர் உட்கார்ந்து கணக்குக் கேட்டதால் வந்த தீர்ப்பு அது. நமக்கு வரும் கடிதத்திலும் செலவு என்று ஒரு வரி இருக்கும், அதற்குக் கணக்குக் கேட்கலாம்.

பெயிலிஃப் பயம் பற்றியும் நேராகச் சொல்லிவிடுகிறேன். கவுன்சில் டாக்ஸுக்காக முதல் முறை வருபவர் கதவை உடைத்துக்கொண்டு உள்ளே வர முடியாது. காலை ஆறுக்கு முன்பும் இரவு ஒன்பதுக்குப் பின்பும் பொதுவாக வரக் கூடாது. நீங்கள் கதவைத் திறந்து உள்ளே விட்டால்தான் விஷயம் மாறும். வெளியே நிற்கும் காரை மட்டும் கவனியுங்கள், அதில் கை வைக்கலாம். 2014-ல் விதிகள் வந்தபோது வகுத்த கட்டணம் இது: கணக்கு அவர்கள் கைக்குப் போனதும் 75 பவுண்டு, வாசலுக்கு வந்தால் மேலும் 235, கடன் 1,500-ஐத் தாண்டினால் தாண்டிய தொகையில் ஏழரை சதவீதம் கூடுதல். அதனால்தான் கடிதத்தைப் பிரிக்காமல் மேசை டிராயரில் போட்டுவைப்பது ஆபத்து. முதல் கடிதத்துக்கும் முதல் வருகைக்கும் இடையில் இருக்கிற நாட்கள்தான் உங்களுக்குக் கிடைக்கிற அவகாசம்.

ஜெயில் பற்றிக் கேட்கிறார்கள். இங்கிலாந்தில் மூன்று மாதம் வரை சிறை என்பது இன்னும் சட்டத்தில் இருக்கிறது. ஆனால் வேண்டுமென்றே கட்டாமல் ஏமாற்றினார் அல்லது குற்றமான அலட்சியம் என்று விசாரித்து முடிவு செய்த பிறகுதான். வேல்ஸில் ஒரு பெண்ணை இப்படிச் சிறைக்கு அனுப்பியது சட்டவிரோதம் என்று 2017-ல் உயர் நீதிமன்றம் சொன்னது. 2019 ஏப்ரலில் வேல்ஸ் அந்தத் தண்டனையையே எடுத்துவிட்டது. இங்கிலாந்தும் எடுக்க வேண்டும். வரிக்கடனுக்குச் சிறை என்பது ஒரு நாகரிக நாட்டுக்கு அழகல்ல.

இன்னொரு பயமும் நம் ஆட்களிடம் இருக்கிறது: சலுகை கேட்டால் விசாவில் பிரச்சினை வரும் என்று. மாணவர் விலக்கும், தனியாக இருப்பவருக்கான 25 சதவீதத் தள்ளுபடியும் விசா விதிகள் சொல்லும் பொதுநிதி (பப்ளிக் ஃபண்ட்ஸ், அரசு உதவிகள்) கணக்கில் வராது. தைரியமாகக் கேட்கலாம். குறைந்த வருமானத்துக்காகத் தரும் கவுன்சில் டாக்ஸ் ரிடக்ஷன் வேறு, அது பொதுநிதியில் வரும். விசாவில் பொதுநிதி கூடாது என்று இருப்பவர்கள் அதற்கு விண்ணப்பிக்கும் முன் ஆலோசனை கேட்க வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொண்டு, உரிமையாக வரவேண்டிய தள்ளுபடியையும் கேட்காமல் விடுகிறவர்களைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது.

கடன் உண்மையிலேயே உங்களுடையதாக இருந்து, பணம் இல்லை என்றால், சிட்டிசன்ஸ் அட்வைஸ், ஸ்டெப்சேஞ்ச், நேஷனல் டெப்ட்லைன் மூன்றிலும் இலவசமாக உதவுவார்கள். 2021 மே முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பிரீதிங் ஸ்பேஸ் என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. தகுதி இருந்தால் கடன் ஆலோசகர் வழியாக விண்ணப்பிக்கலாம். அறுபது நாள் பெயிலிஃப் நடவடிக்கை நிற்கும். கவுன்சில் தவறைத் திருத்த மறுத்தால், யார் பொறுப்பு என்கிற தகராறு இத்தகைய வரித் தகராறுகளை விசாரிக்கும் வேல்யுவேஷன் டிரிப்யூனலுக்குப் போக வேண்டும், மாஜிஸ்திரேட்டிடம் அல்ல. லயபிலிட்டி ஆர்டரை ரத்து செய்யக் கேட்பதென்றால் மாஜிஸ்திரேட் நீதிமன்றம். ஆனால் விஷயம் தெரிந்த உடனே கேட்க வேண்டும், தள்ளிப்போட்டால் ஏற்க மாட்டார்கள். கவுன்சிலே கோர்ட்டில் சொல்லி ரத்து செய்யவும் 2003-ஆம் வருடச் சட்டத்தில் வழி இருக்கிறது.

செப்டம்பரில் கோர்ஸ் முடிக்கப் போகிற பிள்ளைகள் இதைப் படிக்கிறீர்கள் என்றால், சாவி கொடுக்கும் அன்றே பழைய கவுன்சில் இணையதளத்தில் காலி செய்த தேதியையும் புது முகவரியையும் பதிந்து, வரும் உறுதிப்படுத்தலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். வீட்டுக்காரர் சொல்லிக்கொள்வார் என்று விடாதீர்கள். பல்கலைக்கழகச் சான்றிதழையும் மாணவர் மின்னஞ்சல் கணக்கு மூடுவதற்குள் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், அப்புறம் வாங்குவது பெரும் பாடு. ஏற்கெனவே இப்படிக் கடிதம் வந்து விழித்துக்கொண்டிருப்பவர்கள் தொகையையும் ரெஃபரன்ஸ் எண்ணையும் கமெண்டில் போட வேண்டாம். இன்பாக்ஸில் எழுதுங்கள். நாங்கள் கவுன்சிலுக்கு எழுதிய கடிதத்தைப் பெயர், முகவரி நீக்கி அனுப்புகிறேன்.