ரெண்டு நாள் வெச்சாலும் திராட்சை இனிக்கவே இனிக்காது!

"ரெண்டு நாள் வெளியில வைங்க, தானா இனிச்சிரும்." திராட்சை சீசனும் ஆரம்பிச்சாச்சு, புளிப்புப் பழத்தை விக்கிற கடைக்காரங்களோட இந்தப் பேச்சும் ஆரம்பிச்சாச்சு. கேக்கிறவங்களும் தலையாட்டி வாங்கிட்டுப் போறாங்க, அதான் வயித்தெரிச்சல்.

இனிக்காதுங்க! வாழைக்காய்ல மாவு இருக்கு, மாங்காய்ல மாவு இருக்கு. பறிச்ச பிறகு அது சர்க்கரையா மாறும். திராட்சையில அந்த இருப்பே கிடையாது. இலையில உண்டாகிற சர்க்கரை காம்பு வழியா வந்து சேர்ந்தாத்தான் உண்டு. கத்தரி பட்டதும் வரத்து நின்னு போச்சு. வீட்ல எத்தனை நாள் வெச்சாலும் தண்ணி வத்தும், தோல் சுருங்கும், காம்பு பழுப்பாகும். அது பழுக்கிறதில்லை, வாடுறது.

இதுல அந்த சாம்பிள் குடுக்கிற அநியாயம் வேற. கொத்தை நீங்க தொடக்கூடாது, கடைக்காரரேதான் தூக்குவார். காம்பை ஒட்டின தோள் பக்கத்துல, அதாவது கொத்தோட மேல்பக்கத்துல, லேசா பொன்னிறம் தட்டின ஒரே ஒரு பழத்தைத் தேடிக் கிள்ளுவார். வாயில போட்டா தேன். "எப்படி?"ம்பார். நீங்க மென்னு முடிக்கல, அதுக்குள்ள தராசுல ஒரு கிலோ ஏறிடும். வீட்டுக்கு வந்து கழுவி, நுனியில ஒண்ணு பறிச்சு வாயில வெச்சா பல்லு கூசி, ஒத்தைக் கண்ணு மூடிக்கும். கொத்துல தோள்தான் முதல்ல பழுக்கும், நுனி கடைசி. விக்கிறவருக்கு அது நல்லாத் தெரியும். வாங்கிற நமக்குத்தான் யாரும் சொல்றதில்லை. இனிமே நுனிப் பழத்தைக் கேளுங்க. தரமாட்டேன்னா நடையைக் கட்டுங்க.

மகாராஷ்டிராவுல நாசிக், சாங்லி பக்கம் அக்டோபர்ல கவாத்து பண்ணின (கிளையை வெட்டிவிட்ட) தாம்சன், அதான் விதையில்லாத பச்சை திராட்சை, ஜனவரியில வர ஆரம்பிக்கும். முதல் லோடுக்கு நல்ல விலை கிடைக்கும். அந்த ஆசையில சர்க்கரை பிரிக்ஸ் (சாறோட இனிப்பை அளக்கிற அளவு) 18ஐ நெருங்கும் முன்னாடியே வெட்டிடுறாங்க. கண்ணாடிப் பச்சையா இருந்தா யோசிங்க. சோனாகா ரகம் மாதிரி நீளப் பழத்தைக் காட்டினாலும் மயங்காதீங்க. தாம்சன் பருமனாத் தெரியுறது பெரும்பாலும் ஜிப்ரலிக் அமிலம்ங்கிற வளர்ச்சி ஊக்கியில முக்கினதால. உருவத்துக்கும் இனிப்புக்கும் சம்பந்தமே இல்லை.

கருப்பா இருக்கிற பன்னீர் திராட்சை கதை இன்னும் கொடுமை. கம்பம் பள்ளத்தாக்குல வருஷம் முழுக்கக் காய்க்கும், 2023ல புவிசார் குறியீடும் வாங்கின பழம் அது. ஆனா சர்க்கரை ஏறும் முன்னாடியே நிறம் ஏறிடும். கருப்பா இருக்கேன்னு நம்பி வாங்கினா புளிப்பு, கொத்துக்குள்ள பச்சைக் காயும் ஒளிஞ்சிருக்கும். ஒரு பழத்தைப் பிதுக்கி விதையைப் பாருங்க. பழுப்பா, கெட்டியா இருந்தா விளைஞ்சது. பச்சையா இருந்தா அவசரத்துல வெட்டினது. இதுல விதையில்லாத கருப்பு திராட்சையைக் கூசாம "பன்னீர்"னு விக்கிறாங்க! பன்னீர்ல விதை இருக்கும்யா, மூக்குக்கிட்ட கொண்டு போனாலே ரோஜா வாசம் வரும்!

அப்புறம் இன்னொண்ணு. பழத்து மேல சீரா படிஞ்சிருக்கிற சாம்பல் படலத்தைப் பூச்சி மருந்துன்னு சொல்லி, கடையிலேயே துணியால துடைச்சுப் பளபளன்னு அடுக்குறாங்க பாருங்க. அது பழமே சுரக்கிற மெழுகு. உள்ள இருக்கிற ஈரத்தைக் காக்கிறதே அதுதான். திட்டுத்திட்டா, வழிஞ்ச தடமா இருந்தா அது மருந்தா இருக்கலாம். எதுவானாலும் சாப்பிடும்போது கழுவிக்கலாம். கடையில வெச்சுத் துடைக்காதீங்கய்யா!